புலாவ் உபின் போகிறீர்களா? முதலில் கடல் வற்றும் நேரத்தைப் பாருங்கள்

என்னோடு வேலை செய்யும் தோழி ஒருத்தி குடும்பத்தோடு சிங்கப்பூரை ஒட்டிய புலாவ் உபின் தீவுக்கும், அதன் கிழக்கு முனையில் இருக்கும் கடலோரச் சதுப்புநிலமான செக் ஜாவாவுக்கும் போய்விட்டு வந்து, "வெயிலில் சைக்கிள் மிதித்ததுதான் மிச்சம், செக் ஜாவாவில் பார்க்க ஒன்றுமே இல்லை" என்று அலுத்துக்கொண்டாள். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. முதல்முறை போய் வந்தபோது நானும் அதையேதான் சொன்னேன். நடுப்பகல் 12 மணிக்குப் பலகைப் பாதையில் நின்று, காலுக்குக் கீழே தளும்பிய பழுப்புத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கடல் முழுக்க ஏறியிருந்த நேரம் அது. செக் ஜாவாவில் பார்க்க வேண்டியதெல்லாம் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருந்திருக்கிறது.

போன டிசம்பர் பள்ளி விடுமுறையில் மறுபடி போனோம். நான், 74 வயது அம்மா, 15 வயது மகன். இந்த முறை நாளைக் குறித்தது அம்மாதான். அவர் முத்துப்பேட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். "அமாவாசை, பௌர்ணமி ஒட்டித்தான் கடல் ரொம்ப ஏறும், ரொம்ப வத்தும்" என்று சொல்லி, சமையலறையில் தொங்கும் நாள்காட்டியைப் புரட்டி, அமாவாசைக்கு மறுநாள் சனிக்கிழமை என்று கண்டுபிடித்தார். நான் இணையத்தில் ஏற்றவற்ற அட்டவணையைத் திறந்து பார்த்தேன். அன்றைக்கு மாலை 5 மணியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் என்று இருந்தது. செக் ஜாவாவை மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள். ஆகவே காலையில் அடித்துப்பிடித்து ஓடாமல், மதியம் போய் மாலையில் அங்கே நிற்பது என்று முடிவு செய்தோம். ஆண்டுக் கடைசியில் போகிறவர்களுக்கு இந்த மாலைக் கணக்கு ஒத்துவரும். ஆண்டின் நடுவில் நல்ல வற்றம் பெரும்பாலும் விடியற்காலையில் வருவதால், அப்போது போகிறவர்கள் அட்டவணையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

தெம்பனிஸிலிருந்து 29ஆம் எண் பேருந்து நேராகச் சாங்கி வில்லேஜில் கொண்டுபோய் விடும். தானா மேரா பக்கமிருந்து வருகிறவர்களுக்கு 2ஆம் எண் பேருந்து. பேருந்து முனையத்திலிருந்து படகுத்துறைக்கு நடை தூரம்தான். அங்கே பயணச்சீட்டும் கிடையாது, நேர அட்டவணையும் கிடையாது. 12 பேர் சேர்ந்தால் ஒரு பம்போட், அதாவது சின்ன மோட்டார் படகு, கிளம்பும். அவசரம் என்றால் மிச்சமுள்ள இடத்துக்கும் சேர்த்து நாமே பணம் கொடுத்துவிடலாம். நாங்கள் இருபது நிமிடம் காத்திருந்தோம். ஒரு வழிக்கு ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கமாக. தீவிலும் பணத்தாளை நம்பிப் போவதே நல்லது. சில்லறை நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

படகில் ஏறுவது வயதானவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். படகு ஆடிக்கொண்டே இருக்கும், படிக்கும் படகு விளிம்புக்கும் இடையே ஒரு பெரிய எட்டு வைக்க வேண்டும். அம்மா தயங்கியதும் படகோட்டி அங்கிள் ஒன்றும் பேசாமல் முழங்கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். பதினைந்து நிமிடத்துக்குள் அக்கரை வந்துவிடுகிறது. டீசல் வாடை, மரப்பலகை இருக்கை, தலைக்கு மேலே சாங்கிக்கு இறங்கும் விமானங்கள். இந்தப் படகுப் பயணத்துக்காகவே இன்னொரு தடவை போகலாம் என்று மகன் சொன்னான்.

படகுத்துறையை விட்டு வெளியே வந்ததும் வரிசையாகச் சைக்கிள் கடைகள். இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். முதல் பயணத்தில் நான் எடுத்த சைக்கிளின் பின்பிரேக் பிடிக்கவே இல்லை. செக் ஜாவா போகும் வழியில் சரளைக்கல் பரவிய ஒரு இறக்கம் வரும். முன்பிரேக்கை மட்டும் அழுத்தியதில் சக்கரம் வழுக்கி, முழங்கை உரிந்தது. திரும்பி வந்து கடையில் காட்டினால், காலையில் சரியாகத்தான் இருந்தது என்று சொல்லி அந்தச் சைக்கிளையே அடுத்தவருக்குக் கொடுக்க எடுத்து நிறுத்தினார்கள். எனக்கு உரிந்ததைவிட அதுதான் அதிகம் வலித்தது.

இந்த முறை அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. வேறொரு கடையில் மகன் மூன்று சைக்கிள்களை எடுத்து, கடைக்கு முன்னாலேயே ஓட்டிப் பார்த்தான். ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்தான், கியரை மேலும் கீழும் மாற்றினான், இருக்கையின் திருகை இறுக்கினான். கடைக்காரப் பெண்மணி கொஞ்சமும் முகம் சுளிக்காமல், மூன்றாவது சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார். நாள் வாடகை 12 வெள்ளி. தலைக்கவசம் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் சைக்கிள் எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு வேன். தீவில் சிலர் வேனை வாடகைக்கு ஓட்டுகிறார்கள், படகுத்துறைக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். செக் ஜாவா போய் அங்கே காத்திருந்து திரும்பக் கூட்டிவர எவ்வளவு என்று ஏறும்முன்பே பேசிவிடுங்கள். நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகும் தூரம், வேனில் பத்து நிமிடம். வயதானவர்களை அழைத்துப்போக முடியாது என்று நினைத்து நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். முடியும்.

போனதும் செக் ஜாவா ஓட வேண்டாம் என்பதால், முதலில் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெக்கான் கல்குவாரிக்கு மெதுவாக நடந்து போனோம். குவாரி என்றதும் வெட்டிப்போட்ட பள்ளத்தை நினைத்துக்கொண்டு வந்த அம்மா, வேலியருகே வந்ததும் நின்றுவிட்டார். செங்குத்தான கல் சுவர்களுக்கு நடுவே பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. மரங்களில் சாம்பல் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. ஒரு நாரை நீள நீளமான காலைத் தொங்கவிட்டபடி இறங்கி, கிளை தாழ்ந்து எழுந்து அடங்கும்வரை இறக்கையை மடக்காமல் நின்றது.

இந்தத் தீவின் பெயரே கல்தான். புலாவ் என்றால் மலாயில் தீவு, உபின் என்பது தரையில் பதிக்கும் கல் ஓடுகளைக் குறிக்கும் ஜூபின் என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கே கருங்கல் வெட்டியிருக்கிறார்கள். நாம் ஜோகூருக்குப் போக வரப் பயன்படுத்தும் கடற்பாலம் 1924இல் திறக்கப்பட்டபோது அதற்குள் போன கற்களில் உபின் கல்லும் உண்டு. அதற்கும் முன்னால், 1851இல் பெட்ரா பிராங்கா என்ற பாறைத் தீவில் எழுந்த ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் கல் இங்கிருந்துதான் போனது. மகனுக்கு இது பிடித்துப்போய்விட்டது. பெட்ரா பிராங்கா யாருக்குச் சொந்தம் என்று அனைத்துலக நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2008இல் சிங்கப்பூருக்குத் தீர்ப்பானதைப் பள்ளியில் படித்திருக்கிறான். "அந்த லைட்ஹவுஸ் கல்லு இந்தப் பள்ளத்துலேருந்து போனதா?" என்று கேட்டான். எந்தக் குவாரியிலிருந்து என்று எனக்குத் தெரியாது, ஆனால் இந்தத் தீவிலிருந்துதான் என்றேன். கடற்பாலத்தில் பேருந்தில் மணிக்கணக்காக மாட்டிக்கொண்டு கிடந்த அம்மா, "அப்போ நான் எத்தனை தடவை இந்த ஊர் மேல உக்காந்திருக்கேன்!" என்றார்.

குவாரிகள் ஓடிய காலத்தில் தீவில் 2,000 பேர் வரை வாழ்ந்திருக்கிறார்கள். இங்கே இருந்த பின் கியாங் பள்ளி 1985இல் மூடப்பட்டது. கடைசிக் குவாரி 1999இல் நின்றது. இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான். குழாய்த் தண்ணீர் கிடையாது, கிணறுதான். பிரதான தீவின் மின்சாரமும் வருவதில்லை, ஜெனரேட்டராலும் சூரிய ஒளியாலும் தீவிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். ஊர் நடுவே நிரந்தரமான வாயாங் மேடை ஒன்று நிற்கிறது. விசாக தினத்தை ஒட்டி, துவா பெக் கோங் என்ற சீனக் கோயிலின் திருவிழாவின்போது அதில் சீனரின் தியோச்சியூ கூத்து நடக்கும். கூத்து மேடை என்று தெரிந்ததும் அம்மா அதன் முன்னால் போய், யாரும் இல்லாத மேடையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. கடல் உணவுக் கடைகள் நன்றாக இருக்கின்றன, மகன் நண்டுக்கும் பொரித்த சோற்றுக்கும் குறை சொல்லவில்லை. ஆனால் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றும் அமையாது. அம்மா சனிக்கிழமை சைவம். வீட்டிலிருந்தே புளிச்சோறு கட்டிக்கொண்டு போனோம். அதைக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது முறையில்லை என்று மூன்று இளநீர் வாங்கி, கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் பொட்டலத்தைப் பிரித்தோம். அவர் ஒரு தட்டே கொண்டுவந்து வைத்தார்.

மூன்றரை மணிக்குக் கிளம்பினோம். மகன் சைக்கிளில், நானும் அம்மாவும் வேனில். இரண்டு பக்கமும் பழைய ரப்பர் மரங்கள், இடையிடையே தென்னை, ஓரிடத்தில் காட்டுக்கோழி ஒன்று ஓடி மறைந்தது. செக் ஜாவா வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே குட்டிகளோடு ஒரு காட்டுப்பன்றி. குட்டிகளின் முதுகில் வெள்ளரிக்காய் மாதிரி நீளக் கோடுகள். தாய்ப்பன்றி ஒவ்வொரு சைக்கிளாகப் போய்க் கூடையில் மூக்கை விட்டுப் பார்த்துக்கொண்டு வந்தது. யாரோ விட்டுப்போன ரொட்டிப் பையை இழுத்துப் போட்டுப் பிளாஸ்டிக்கோடு மெல்லத் தொடங்கியது. பார்க்கவே சங்கடமாக இருந்தது. தயவுசெய்து கூடையில் உணவை விட்டுப் போகாதீர்கள், கையில் பிளாஸ்டிக் பையும் வேண்டாம், குரங்குகள் பிடுங்கும். பன்றி வழியில் நின்றால் அது போகும்வரை நின்று போங்கள். குட்டிக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்க வேண்டாம்.

செக் ஜாவாவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பலகைப் பாதை மொத்தம் 1.1 கிலோமீட்டர். ஒரு சுற்று கடலோரமாக, இன்னொரு சுற்று அலையாத்திக் காட்டுக்குள்ளே. 2007இல் திறந்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் இந்த இடமே இல்லாமல் போயிருக்கும். நிலமீட்புக்காக இந்தக் கரையை மண் கொட்டி மூடுவதாகத் திட்டம். வேலை தொடங்க இருந்த நேரத்தில், 2001இல், இயற்கை ஆர்வலர்களும் தொண்டூழியர்களும் இங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்து எழுதினார்கள். செய்தி பரவி, மூடப்படும்முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நான் இல்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. தெம்பனிஸில் இருந்துகொண்டு, பக்கத்தில் நடப்பது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

முதலில் அலையாத்திச் சுற்றுக்குப் போனோம். நாலடி போனதும் அம்மா கைப்பிடியில் சாய்ந்து குனிந்தார். கீழே சேற்றில் பென்சிலை நட்டு வைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் வேர்கள், எல்லாம் மேல் நோக்கி. "எங்க ஊர் மரம்டி இது" என்றார். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்தாராம். முத்துப்பேட்டைக் காயலில் படகில் போகும்போது கரையெல்லாம் இதே வேர்கள்தான், மூச்சு வாங்குவதற்காகச் செடி தலைகீழாக மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பார்களாம். அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. சிங்கப்பூருக்கு வந்து ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது, இங்கே இந்த மரத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

அந்த வேர்களுக்கு நடுவே சேறு அசைந்தது. உற்றுப் பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு மீன், கண்கள் தலைக்கு மேலே துருத்திக்கொண்டு, துடுப்புகளைக் கை மாதிரி ஊன்றி நடந்து வந்தது. உடம்பெல்லாம் ஈரச்சேறு. ஒரு வேரடியில் நின்று, கண்ணை உள்ளே இழுத்து, மறுபடி வெளியே தள்ளியது. தண்ணீருக்கு வெளியே கண் காயாமல் இருக்க அப்படிச் செய்யும் என்று மகன் சொன்னான். அதற்கு ஒரு சாண் தள்ளி, ஒரு கை மட்டும் பெருத்த நண்டுகள். ஆண் நண்டுக்குத்தான் அந்தப் பெரிய கை. அதைத் தூக்கித் தூக்கி இறக்கி எல்லாம் சேர்ந்து யாரையோ வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. நம் நிழல் விழுந்தால் அத்தனையும் ஒரே நொடியில் வளைக்குள் போய்விடுகின்றன. அசையாமல் இரண்டு நிமிடம் நின்றால் ஒவ்வொன்றாக மறுபடி வரும். அந்த இரண்டு நிமிடம் நிற்க மனம் வேண்டும். எங்களைக் கடந்துபோன பலர் நிற்கவில்லை.

சுற்று முடியும் இடத்தில் நீப்பா மரங்கள். ஐஸ் கச்சாங் என்ற பனித்தூள் இனிப்பில் வழுக்கையாக, கண்ணாடி மாதிரி வரும் அத்தாப் சீ இந்த மரத்தின் கொட்டைதான். நடுவில் ஜெஜாவி கோபுரம், 20 மீட்டர் உயரம். மகன் ஏறிப்போய், இருவாச்சி ஒன்று கோபுரத்துக்குக் கீழாகப் பறந்ததை, அதன் முதுகைப் பார்த்ததாகச் சொல்லிக் குதித்துக்கொண்டு இறங்கினான். சிங்கப்பூரில் காணாமல் போயிருந்த இந்தப் பறவை 1990களில் உபினில்தான் மறுபடி காணப்பட்டது.

கடலோரச் சுற்றுக்கு வந்தபோது 5 மணி. முதல் பயணத்தில் நான் தண்ணீர் பார்த்த அதே இடத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம் தரை. மணல் திட்டு, அதைத் தாண்டிக் கடற்புல் பாய் விரித்த மாதிரிப் பச்சையாக, அதன் நடுவே வானம் தெரியும் குட்டைகள். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் ஊர்க் கடல் இவ்வளவு தூரம் உள்ளே போகாது. பாதையிலிருந்தே, பூ மாதிரி இருக்கும் கடல் உயிரான கடல் சாமந்தி ஒன்றைப் பார்த்தோம். தட்டளவு அகலம், தண்ணீர் வற்றியதால் துவண்டு மடிந்து கிடந்தது. தரையில் இறங்கி நடக்க அனுமதி இல்லை. வழிகாட்டியோடு நடக்கும் ஏற்பாட்டைத் தேசியப் பூங்காக் கழகம் வைத்திருக்கிறது, முன்பதிவு செய்ய வேண்டும், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பராமரிப்புக்காகப் பாதையில் சில பகுதிகளை மூடுவதும் உண்டு, போகும் வாரத்தில் கழகத்தின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிரே தெரியும் சிறிய பாறைத் தீவு புலாவ் செக்குடு, தவளைத் தீவு. தவளை, பன்றி, யானை மூன்றும் யார் முதலில் ஜோகூர்க் கரையைத் தொடுவது என்று பந்தயம் கட்டி நீந்தினவாம், தோற்றால் கல்லாகிவிட வேண்டும். மூன்றும் தோற்றன. தவளை செக்குடு ஆனது. பன்றியும் யானையும் சேர்ந்து உபின் ஆயின, நடுவில் ஓடும் ஜெலுத்தோங் ஆறு இரண்டையும் பிரிக்கிறதாம். அந்த ஆற்றில் கயாக் ஓட்டி அலையாத்திக்குள் போகும் பயணங்களும் நடக்கின்றன. அடுத்த முறைக்கு மகன் அதைக் குறித்து வைத்திருக்கிறான்.

திரும்பும் வழியில் எண் 1 வீடு. 1930களில் பிரிட்டிஷ் தலைமை நில அளவையாளர் ஒருவருக்காக விடுமுறைக்குக் கட்டியது. ஆங்கில நாட்டுப்புற வீடு மாதிரி வெள்ளைச் சுவரில் கறுப்புச் சட்டம், உள்ளே குளிர் காயும் அடுப்பு. "இந்த வெக்கையில எதுக்குடி அடுப்பு?" என்று அம்மா கேட்டார். ஊரை விட்டு வந்தவர் ஊர் வீட்டையே கட்டிக்கொண்டார் போல என்றேன். அம்மா அந்த அடுப்பை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

கெத்தாம் மலைச்சைக்கிள் பூங்காவுக்கு இந்த முறை போகவில்லை. அது 2008இல் திறந்தது, உண்மையான ஏற்ற இறக்கம், வாடகைச் சைக்கிளில் முயல வேண்டாம் என்பது மகன் கருத்து. மேற்குப் பக்கம் இருக்கும் ஜெர்மன் பெண் சன்னிதிக்கு முன்பு போயிருக்கிறேன். முதல் உலகப்போர் தொடங்கியபோது பிடிக்க வந்த படையினருக்குப் பயந்து ஓடி, பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒரு ஜெர்மன் பெண்ணை இங்கே தெய்வமாகக் கும்பிடுகிறார்கள் என்பது கதை. வாசனைத் திரவியம், சீப்பு, முகப்பூச்சு என்று படைத்து வைத்திருக்கிறார்கள். அகாலமாய்ப் போன பெண்ணுக்குப் படையல் போடுவது நமக்கும் தெரிந்த வழக்கம்தான். போனால் அமைதியாகப் பார்த்துவிட்டு வாருங்கள், எதையும் தொட வேண்டாம்.

குறை என்று சொன்னால் பிரேக் பார்க்காமல் சைக்கிள் கொடுக்கும் கடைகள், படகேற அந்த ஒரு எட்டு. கொசு மருந்து, குடை, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் அவசியம். டிசம்பரில் மழை எந்த நேரமும் வரும், எங்களுக்கு வேனில் ஏறிய பிறகுதான் கொட்டியது. நனைந்து வந்த மகன் சைக்கிளை ஒப்படைத்தபோது கடைக்காரப் பெண்மணி துண்டு கொடுத்தார்.

படகுத்துறைக்கு வந்தபோது ஆறேகால். கடைசிப் படகு 7 மணியை ஒட்டி, அதற்குப் பிறகு நம்ப முடியாது. எங்களோடு சேர்த்து 10 பேர்தான் இருந்தோம். மிச்ச இரண்டு இடத்துக்கு எல்லாரும் சேர்ந்து கொடுத்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பக்கமிருந்து ஈரச் செருப்பு சப்தத்தோடு ஒரு தம்பதி ஓடி வந்தார்கள். அம்மா நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். படகு கிளம்பியதும், அடுத்த பௌர்ணமி என்றைக்கு என்று மகனைக் கைப்பேசியில் பார்க்கச் சொன்னார்.